படலையைத் தட்டுதல்

“வீடு வாசல் இருக்க ஏன் தம்பி வெளியில போய்ப் படுக்கிறாய்? உனக்கென்ன விசரே?” என்று அம்மா கேட்டா. செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. விடிய ஐந்து மணி. மிசிசாகாவில் எங்கள் தொடர்மாடியின் நடையில் நின்று சைக்கிள் கரியரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவவுக்கு எண்பத்துநாலு வயது. எனக்கு அறுபதாகிறது. பதில் சொல்லாமல் லிப்டில் இறங்கினேன். அந்தக் கேள்வியும் என்னோடு இறங்கியது.

போர்ட் கிரெடிட்டில் ஏரிக்கரைப் பாதையைப் பிடித்தேன். ஓக்வில், பேர்லிங்டன், பிறகு ஹமில்டன். நகரைத் தாண்டியதும் பிரான்ட்போர்ட்வரை 32 கிலோமீற்றருக்குப் பழைய ரயில் பாதையொன்று தண்டவாளம் கழற்றப்பட்டு, பொடிக்கல் பரப்பி, சைக்கிள்காரருக்கு விடப்பட்டிருக்கிறது. ரயிலுக்கு வெட்டிய பாதை என்பதால் ஏற்றம் முழங்காலை அதிகம் வருத்தாது. இருபுறமும் மரங்கள். மணிக்கணக்காக யாரோடும் பேசத் தேவையில்லை.

ஏரிக்கரைப் பாதை திறக்கப்பட்டது 1995இல். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கிக்கொண்டிருக்க, புலிகள் எல்லோரையும் வெளியேறச் சொல்ல, வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சிக்கு நடந்தது. அம்மாவும் நடந்தா. அப்பாவின் ரலி சைக்கிளில் அரிசியும் இரண்டு பாயும் ஒரு கேத்திலும். “சைக்கிள் ஓடுறதுக்கில்லை, உருட்டுறதுக்கு” என்பா. மழை. நாவற்குழிப் பக்கம் ஓரடி வைக்கப் பத்து நிமிடம் நிற்கவேண்டியிருந்ததாம். என் கரியரிலும் அரிசி இருந்தது, பாய்க்குப் பதில் நித்திரைப் பை. சுமை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் என் காற்சட்டைப் பையில் வீட்டுத் திறப்பு இருந்தது. அவ தன் திறப்பை எதற்கென்று தெரியாமலே கொண்டுபோனா.

அப்படியானால் நான் செய்வது அவ பட்ட துன்பத்தை நையாண்டி செய்வதா? நெடுநேரம் இதையே யோசித்து மிதித்தேன். விருப்பத்தோடு ஏற்கும் கஷ்டத்தையும் தலையில் விழுந்த கஷ்டத்தையும் ஒரே தராசில் வைக்கமுடியாது. வைக்க நானும் விரும்பவில்லை. கஷ்டம் என்னை இழுக்கவில்லை. இழுத்தது வேறொன்று என்பது இரவில்தான் விளங்கியது.

ஒன்ராறியோவின் முடிக்குரிய காணிகளில் இங்கு வசிப்பவர்கள் ஆண்டில் ஓரிடத்தில் 21 நாட்கள்வரை காசு கட்டாமல் கூடாரம் அடிக்கலாம். ஆனால் அவை பெரும்பாலும் வடக்கில். தெற்கில் வேலிக்கு வேலி யாரோ ஒருவரின் நிலம். நோர்வே நண்பர்கள் தங்கள் நாட்டின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள்: பயிரிடாத வெளியில், வீடுகளுக்கு 150 மீற்றர் தள்ளி, எவரும் இரவு தங்கலாம். எங்களுக்கு அந்த உரிமை இல்லை. பிரான்ட்போர்ட்டுக்குச் சற்று முன்னால், சோளத் தோட்டமொன்றின் ஓரம், இருட்டும்வரை காத்திருந்து கள்ளமாகத்தான் கூடாரத்தை அடித்தேன். தோட்டத்து வீட்டில் விளக்கு எரிந்தது. போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கறுத்த மனிதன் ஒருவன் இருட்டில் கதவைத் தட்டினால் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் இருந்தது. அது பொய்யல்ல. ஆனால் அது பாதிதான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டே இருந்தவன். இருக்க அனுமதி கேட்டேன், வேலை கேட்டேன், வாடகைக்கு நிலக்கீழ் அறை கேட்டேன், அம்மாவைக் கூப்பிட விசா கேட்டேன். கேட்டுக் கேட்டு நாத் தடித்துப்போனவனுக்கு, ஒருவரையும் கேளாமல் ஓரிரவு நிலத்தில் படுப்பது ஒரு போதை. அதைத்தான் நான் சுதந்திரம் என்று எண்ணியிருந்தேன். அந்தச் சுதந்திரத்தில் டோர்ச் லைட்டைக் கையால் மறைத்துப் பாண் சாப்பிட்டேன். நாய் குரைத்தபோதெல்லாம் விழித்தேன்.

விடிய, அந்த நாயோடு ஒரு வயதான பெண் வந்து நின்றார். கூடாரத்தையும் என்னையும் பார்த்தார். கோபப்படவில்லை. “கதவைத் தட்டியிருக்கலாமே, கிணற்றடியில் நல்ல புல் இருக்கிறது” என்றார். போத்தலில் தண்ணீர் நிறைத்துத் தந்தார். நான் வெட்கப்பட்டேன். தெரியாமல் படுத்தேன் என்பதற்காக அல்ல. அவர் ‘ஓம்’ சொல்லக்கூடிய மனிதர் என்று நினைத்தே பார்க்கவில்லை என்பதற்காக.

மட்டுவிலில் ஒரு வீட்டுப் படலையின் முன் அரைமணித்தியாலம் தட்டாமல் நின்றதாக அம்மா சொல்லியிருக்கிறா. வாழ்நாளெல்லாம் கொடுத்த கை. கடைசியில் தட்டினா. விறாந்தையில் இடம் கிடைத்தது, ஆறு மாதம். எல்லாப் படலையும் திறந்தன என்று அவ சொல்லவில்லை. ஒருமுறை மட்டும், கேட்காமலே, இதையும் சொன்னா: “அதுக்குச் சரியா அஞ்சு வருசத்துக்கு முதல் முஸ்லிம் சனம் எங்கட ரோட்டாலதான் போச்சுது. நாங்கள் உள்ளுக்க நிண்டு பாத்தனாங்கள்.” 1990 ஒக்டோபர் 30. புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அன்று படலையைத் திறப்பது ஆபத்து, உண்மை. ஆனால் பயம் எங்கே முடிந்தது, அக்கறையின்மை எங்கே தொடங்கியது என்று அம்மாவால் இன்றும் சொல்ல முடியவில்லை. நான் அன்று அங்கே இல்லை. இருந்திருந்தால் திறந்திருப்பேன் என்று எழுத எனக்கும் கை வரவில்லை.

நான் வாழும் நகரின் பெயரும் இடம்பெயர்ந்தவர்களின் பெயர்தான். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரித்தானியரின் பக்கம் நின்று நிலமிழந்த ஆறு தேசத்தாருக்கு இடம் கொடுக்க, 1784இல் மிசிசாகா மக்கள் கிராண்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கை முடிக்கு விட்டுக்கொடுத்தார்கள். பிறகு கிரெடிட் ஆற்றோரம் இருந்த தங்கள் கிராமத்துக்கே உறுதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1847இல் அவர்கள் வெளியேறவேண்டி வந்தபோது, பழைய உதவியை மறவாத ஆறு தேசத்தார் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஹேகர்ஸ்வில் அருகே இன்றும் அங்கேதான் வாழ்கிறார்கள். நான் களவாகப் படுத்த இடத்திலிருந்து அது அதிக தூரமில்லை. அறுபத்துமூன்று ஆண்டுகள் கழித்தும் ஒரு படலை நினைவில் இருந்திருக்கிறது.

கேட்பது தாழ்வு என்று அகதி வாழ்க்கை எனக்குக் கற்பித்தது. இப்போது அது பிழைபட்ட பாடம் என்று நினைக்கிறேன். அதிகாரியிடம் கேட்பதும் அயலவரிடம் கேட்பதும் ஒன்றல்ல. அயலவரிடம் கேட்கும்போது இன்னொருநாள் அவருக்கோ வேறொருவருக்கோ திறக்கும் கடனையும் சேர்த்து வாங்குகிறோம். யாரிடமும் கேளாதவன் அந்தக் கடனுக்குத் தப்பிவிடுகிறான். நான் தப்பப் பார்த்தது அதற்குத்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அந்த மனிசிக்கு என்ன குடுத்தனீ?” என்று கேட்டா. நன்றி சொன்னேன் என்றேன். “அது காணுமே?” என்றா.

அடுத்த கிழமை பயித்தம் பணியாரம் சுட்டா. சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு திரும்பவும் போகிறேன். இம்முறை இருட்டமுதல் தட்டுவேன்.