தன்னை அறிய விழைதல் தவறாகுமா?

மும்மணிகளுள் நடுவில் நிற்பது நன்ஞானம். அதனை நூலறிவு என்றே நாம் பெரும்பாலும் பொருள் கொண்டு வருகிறோம். ஆகமங்களைக் கற்பதும், தத்துவங்கள் ஏழினையும் உள்ளத்தில் இருத்துவதும் நன்ஞானமே. ஆயின், இவ்வுடலோடும் மனத்தோடும் கூடி நிற்கும் தன் இயல்பு யாது என ஒருவர் கேட்பது அந்த ஞானத்தின் எல்லைக்குள் அடங்குமா, அடங்காதா? இக்கேள்வி இந்நாளில் நம் இல்லங்களில் புதியதொரு வடிவில் எழுகின்றது. 35, 40 வயது கடந்த ஒருவர், "எனக்கு ஆட்டிசம் உண்டா என்று மதிப்பீடு செய்துகொள்ள விரும்புகிறேன்" என்கிறார். வீட்டார் திகைக்கின்றனர். "படித்து முடித்தாய், வேலையில் அமர்ந்தாய், இத்தனை வயதிற்கு மேல் எதற்கு இந்த வீண் ஆராய்ச்சி? நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது?" என்பதே அவருக்குக் கிடைக்கும் விடை. அவ்விடை நம் அறத்திற்கு ஒத்ததுதானா என்பதை ஆராய்வோம்.

ஆட்டிசம் என்பது இடையில் வந்து பற்றும் நோயன்று. மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலேயே அமையும் ஒரு வேறுபாடு. பிறர் குறிப்பால் உணர்த்துவதைப் பிடிப்பதில் இடர், கூட்டத்தில் உரையாடலின் போக்கைத் தொடர்வதில் அயர்வு, ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல், பழகிய ஒழுங்கு மாறினால் கலக்கம், ஏதேனும் ஒரு பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு ஆகியன இதன் பொதுக் கூறுகள். இவற்றின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். வாழ்நாள் முழுதும் வாய்பேசாது, பிறர் துணையோடு வாழ்வோரும் உளர்; அலுவலகக் கணக்கை ஒரு காசு பிசகாமல் எழுதிவிட்டு, மாலையில் ஒரு திருமண வரவேற்பை எண்ணி நடுங்குவோரும் உளர். இதற்குத் தமிழில் வழங்கும் 'மதியிறுக்கம்', 'புறவுலகச் சிந்தனையற்ற நிலை' முதலிய பெயர்களை நாம் ஏற்பதற்கில்லை. புறவுலகின் ஒவ்வோர் ஒலியும் வந்து தாக்குவதால் வருந்தும் ஒருவரைப் புறவுலகச் சிந்தனையற்றவர் என்பது எங்ஙனம் பொருந்தும்? ஆதலின் வழக்கிலுள்ள ஆட்டிசம் என்னும் சொல்லையே இங்குக் கொள்கிறோம்.

இவர்கள் ஏன் இளமையிலேயே அறியப்படவில்லை என்று கேட்கலாம். இத்தகைய சிறுவர்களைப் பற்றி மாஸ்கோவில் சுகரேவா என்னும் பெண் மருத்துவர் 1925-இல் எழுதினார். அது நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி 1943-இல் எழுதிய கட்டுரையே பரவலாக அறியப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசம் தனி இடம் பெற்றது 1980-இல்தான். அன்றும் அது குழந்தைகட்குரியதாகவே கருதப்பட்டது. மருத்துவ நூலுக்கே அதுதான் நிலை என்றால், அந்நாளில் திண்டிவனத்திலும் செஞ்சியிலும் வந்தவாசியிலும் பள்ளியில் பயின்ற பிள்ளையைப் பற்றி ஆசிரியர் என்ன அறிந்திருக்கக்கூடும்? அழுத்தக்காரன், திமிர் பிடித்தவள், கூச்ச சுபாவம், ஒரு மாதிரி என்று ஏதோ ஒரு பெயர் இடப்பட்டது. எனவே அவர்கள் பெயரின்றி வளரவில்லை. பிழையான பெயர்களோடு வளர்ந்தனர். இன்று அவர்கள் வேண்டுவது புதிதாக ஒரு பட்டமன்று. பழைய பட்டங்களுக்குப் பதிலாகச் சரியான ஒரு சொல்.

இவ்விடத்து, நம் வட்டாரத்தினர் அனைவரும் அறிந்த செவிவழிக் கதையொன்று நினைவிற்கு வருகிறது. புதுவைக்கு வடமேற்கே உள்ள இரும்பையில் கடுவெளிச் சித்தர் என்பவர் தவமிருந்தார் என்பர். திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்த நடனமாதின் காற்சிலம்பு கழன்று விழுந்தது. ஆட்டம் தடைப்படுமே என்று சித்தர் அதனை எடுத்து அவள் காலில் அணிவித்தார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. சித்தர் சினந்து பாட, மாகாளேசுவரர் கோயில் இலிங்கம் மூன்றாகப் பிளந்தது என்று கதை முடியும். சைவர் கதையாயினும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது. சித்தருக்கு ஆட்டிசம் என்று சொல்வது நம் கருத்தன்று. கதைமாந்தரை மருத்துவச் சோதனைக்கு உட்படுத்துவது விளையாட்டே அன்றி வேறில்லை. ஆயினும், விழுந்த சிலம்பை எடுத்து மாட்ட வேண்டும் என்பதன்றி வேறொன்றும் தோன்றாத ஒரு மனமும், அச்செயலில் தகாததொன்றைக் கண்டு நகைத்த ஆயிரம் மனங்களும் அக்கதையில் எதிரெதிரே நிற்கின்றன. சினம் கஷாயங்களுள் ஒன்று; சித்தரின் சினத்தை நாம் போற்றுவதற்கில்லை. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

ஆட்டிசம் உடையோர்க்குப் பிறர் மனம் விளங்குவதில்லை என்றே நெடுநாள் எழுதி வந்தனர். இங்கிலாந்தின் டேமியன் மில்டன் என்னும் சமூகவியலாளர், தாமும் ஆட்டிசம் உடையவர், 2012-இல் இதனை மறுத்தார். விளங்காமை இருபுறமும் உண்டு. அவர்கட்கு நம் மனம் விளங்காதது போலவே நமக்கும் அவர்கள் மனம் விளங்குவதில்லை. பெரும்பான்மையோர் நாமாதலின் பழி மட்டும் ஒருபுறம் விழுகிறது என்பது அவர் வாதம். அநேகாந்தத்தைப் பயின்ற நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு நயத்தால் கண்டதை முழுப்பொருளென்று சாதிப்பதே ஏகாந்தம் எனப்படும்.

இந்த ஏகாந்தம் மதிப்பீடு செய்யும் அறையிலும் வந்து அமர்ந்துவிடுகிறது. "திருமணமாகியிருக்கிறது, உத்தியோகம் பார்க்கிறீர்கள், என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்கள், ஆகவே உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று பத்து நிமிடத்தில் சொல்லி அனுப்புவது ஒருவகை ஏகாந்தம். இயலாதவற்றை மட்டும் வரிசையாக எழுதி, "இவ்வளவுதான் நீங்கள்" என்று கையில் கொடுப்பது மற்றொரு வகை. அமெரிக்கக் கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்போ, அறிகுறிகள் இளமையிலேயே இருந்திருக்க வேண்டும் எனினும், வாழ்க்கையின் தேவைகள் மிகும் வரை அவை முழுமையாக வெளிப்படாமலும், கற்றுக்கொண்ட உபாயங்களால் மறைந்தும் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறது. பெண்களிடத்தில் இம்மறைவு மிகுதி. அதனாலேயே அவர்களிற் பலர் அறியப்படாமற் போயினர்.

மதித்து ஏற்கும் மதிப்பீடு என்பது, வந்தவர் வேண்டிய விடையை அப்படியே கொடுத்தனுப்புவதன்று. பதற்றம், மனச்சோர்வு, கவனச் சிதறல் ஆகியனவும் சிலவற்றில் இதுபோலத் தோன்றும்; பிரித்தறிதல் மருத்துவரின் கடன். 2001-இல் கேம்பிரிட்ஜில் வகுத்த 50 வினாக்களைத் தாமே நிரப்பிப் பார்ப்போர் பலர். அது வாயிற்படி மட்டுமே. மதித்து ஏற்பது என்பது முறையைப் பற்றியது. வந்தவர் தம்மைப் பற்றிச் சொல்வதை முதற்சான்றாகக் கொள்ளுதல், இடரைக் கேட்பதோடு திறனையும் கேட்டல், கண்ணைப் பார் என்று வற்புறுத்தாமை, குறை என்னும் ஒரே அளவுகோலால் அளவாமை ஆகியன அதில் அடங்கும். அளவுகோல் கையில் இருப்பவர் மனத்தில் உயர்வு தாழ்வு புகுந்தால் என்னவாகும் என்பதற்கு வரலாறு ஒரு கொடிய சான்று வைத்திருக்கிறது. வியன்னாவில் 1944-இல் இத்தகைய சிறுவர்களின் தனித்திறன்களைப் புகழ்ந்து எழுதிய ஹான்ஸ் ஆஸ்பெர்கர், வேறு சில குழந்தைகளை, ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்ட நாஜிக் காப்பகத்திற்கு அனுப்பினார் என்பதை 2018-இல் வெளிவந்த ஆவண ஆய்வு காட்டியது. பயன்படுவோர், பயன்படாதோர் என்று உயிர்களைத் தரம் பிரித்த பெயரீடு எங்குச் சென்று முடியும் என்பதை அஹிம்சையை முதல் விரதமாகக் கொண்ட நாம் மறத்தலாகாது.

நிச்சய நயத்தால் எல்லா உயிரும் அறிவும் காட்சியுமே வடிவானவை. அங்கே ஆட்டிசமும் இல்லை, அஃதின்மையும் இல்லை. சிலர் இதனை எடுத்துக்காட்டி, "ஆன்மாவிற்கு ஏது இதெல்லாம்? இப்பெயர்களெல்லாம் மாயை" என்று வாதிடுவர். கேட்பதற்கு உயர்ந்த பேச்சு. ஆயினும், காய்ச்சல் வந்தால் வெப்பமானியைத் தேடும் நாம் இதற்கு மட்டும் நிச்சய நயத்தைத் தேடுவது ஏன்? வியவகார நயத்தில் வாழும் வரை வியவகார நயத்துப் பெயர்களும் வேண்டியவையே. முன்வினை என்று வாயை அடைப்பாரும் உளர். வினைக் கொள்கை தன் செயலைத் தான் திருத்திக்கொள்ள வந்தது. அடுத்தவரை அடிக்க வந்த கோலன்று.

இனி ஒரு நுட்பமான வினா. இவர்களில் பலர் நெடுங்காலம் மற்றவரைப் போல நடித்தே வாழ்கின்றனர். எப்போது சிரிக்க வேண்டும், எவ்வளவு நேரம் முகம் பார்க்க வேண்டும் என்பதைப் பாடம்போல் மனனம் செய்து, வீடு திரும்பியதும் சோர்ந்து விழுகின்றனர். இது மாயை என்னும் கஷாயம் ஆகுமா? ஆகாது என்றே நாம் கருதுகிறோம். மாயையின் வேர் பிறரை ஏய்த்துப் பயன் கொள்ளும் நோக்கம். இங்கு வேர் அச்சம். தொல்லை கொடுக்காதீர்கள் என்று சொல்ல வழியில்லாதவர் அணியும் கவசம் அது. நம் அறநூல்கள் வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவகையாகப் பிரித்தன. நடிப்பவர் செய்கிறார், "எல்லாரையும் போல இரு" என்று நாள்தோறும் சொல்லிச் செய்வித்தவர் யாவர்? நகைத்து உடன்பட்டவர் யாவர்?

குடும்பத்தின் பங்கு இதனினும் நேரானது. பெரியவர் ஒருவரை மதிப்பிடும்போது குழந்தைப் பருவத்தைப் பற்றித் தவறாது கேட்பர். எப்போது பேசினார்? மற்றப் பிள்ளைகளோடு எப்படி விளையாடினார்? மேளச் சத்தம் கேட்டால் என்ன செய்தார்? ஊர் மாறினால், உணவு மாறினால் அழுதாரா? இதற்கு விடை சொல்லக்கூடியவர் 65, 70 வயதுத் தாயார், அல்லது மூத்த தமக்கை. அவர்கள், குலத்திற்கு இழுக்கு வந்துவிடுமே என்றோ, தம் வளர்ப்பைக் குறை சொல்வார்களோ என்றோ அஞ்சி, "எல்லாம் சரியாகத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டால் மதிப்பீடே திசை மாறும். அன்பினால் சொன்னாலும் பொய் பொய்யே. வாய்மை அணுவிரதம் நீதிமன்றத்திற்கு மட்டும் உரியதன்று. தாயார் இப்போது சொல்லாவிடின், பின்னர்ச் சொல்ல அவர் இருப்பார் என்பதும் உறுதியில்லை.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் பிறர் குற்றம் மறைத்தலாகிய உபகூஹனம் ஒன்று என்று நம்மவர் விடை கூறலாம். முதலில், இது குற்றமன்று. ஆகவே மறைத்தற்குரியதும் அன்று. அடுத்து, மருத்துவரிடம் மறைப்பதும் ஊரில் பரப்பாதிருப்பதும் வேறு வேறு. ஒருவரது மதிப்பீட்டு முடிவை அவர் அனுமதியின்றி உறவினரிடையே பேசாதிருப்பது உபகூஹனத்தின் கருத்திற்கு முற்றும் இசைந்தது. அதே அங்கங்களுள் தடுமாறுவோரை நிலைநிறுத்தும் ஸ்திதிகரணமும், அருவருப்பின்மையும் உண்டு. அவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

திருமணப் பேச்சில்தான் இது கடினமாகிறது. சிறு சமூகம் நம்முடையது. ஒரு வீட்டில் பேசியது ஒரு வாரத்தில் எல்லா ஊருக்கும் எட்டிவிடும். மணமாகாத தங்கை இருக்க அண்ணன் மதிப்பீட்டிற்குச் செல்வதைப் பெற்றோர் தடுப்பது இந்த அச்சத்தினாலேயே. அச்சம் பொய்யானதன்று, அதனை எள்ளவும் கூடாது. ஆயினும் வாழ்நாள் முழுதும் உடன் வாழப்போகின்றவரிடம் ஒருவர் தம் இயல்பை மறைத்து மணம் புரிவதை நாம் அறமென்று ஒப்ப மாட்டோம். பேசி முடிப்பதற்கு முன்னரே, சம்பந்தப்பட்ட இருவரும் நேரில், தமக்குள் பேசிக்கொள்வதே தக்கது. அதற்கு முதலில் அவர் தம்மை அறிந்திருக்க வேண்டுமன்றோ? ஒலியைத் தாங்க இயலாததையும், தனித்திருக்கும் பொழுதின் தேவையையும் அலட்சியம் என்றும் அன்பின்மை என்றும் கொண்டு கசந்துபோன இல்லறங்களை நாம் கண்டிருக்கிறோம்.

கானர் எழுதிய 11 குழந்தைகளுள் முதல்வர் டொனால்டு ட்ரிப்லெட். 1933-இல் பிறந்தவர், மூன்று வயதில் ஒரு காப்பகத்தில் விடப்பட்டு, பின்னர்ப் பெற்றோரால் மீட்கப்பட்டவர். மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரான ஃபாரஸ்டில் வங்கிப் பணி பார்த்து, உலகைச் சுற்றிப் பார்த்து, 2023-இல் மறைந்தார். ஊரார் அவர் இயல்பை அறிந்திருந்தனர், அப்படியே பழகினர். சிறு சமூகமாய் இருப்பதில் இப்படியும் ஒரு நன்மை உண்டு.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளையே கூறிற்று. ஆட்டிசம் அதில் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக்கியது. சான்றிதழுக்கு இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுகிறது. 40 கூறுகள், ஒவ்வொன்றிற்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், 70-க்குக் கீழ் வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்வர். பெரிதும் பிள்ளைகளை மனத்திற்கொண்டு வகுத்த அளவுகோலாதலின், மறைத்து வாழப் பழகிய 40 வயதினரை அது முழுதும் காட்டும் என்று எதிர்பார்த்தல் இயலாது. ஆகவே அரசுச் சலுகைக்கான சான்றிதழும் தன்னை அறிதலுக்கான மதிப்பீடும் ஒன்றல்ல என்பதை முன்பே தெளிந்து செல்லுதல் நன்று.

இரும்பை போன்ற சிற்றூரில் இருப்பவருக்குப் புதுவை ஜிப்மரின் மனநல மருத்துவத் துறை அண்மையில் உள்ளது. விழுப்புரம் மாவட்டத்தார்க்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோர்க்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பெரியவர்களை மதிப்பிடும் பழக்கமுடைய மருத்துவர் சிலரே, "பெரியவர்களைப் பார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டா?" என்று முன்னதாகவே கேட்பது மரியாதைக் குறைவாகாது. செல்லும்போது பழைய பள்ளி அறிக்கைகள் இருந்தால் எடுத்துச் செல்லலாம். விவரம் அறிந்த மூத்தவர் ஒருவர் உடன் செல்வது அதனினும் நன்று.

முடிவில் மருத்துவர், "இது ஆட்டிசம் அன்று" என்றும் சொல்லக்கூடும். அப்போது, "பார்த்தாயா, நாங்கள் சொன்னோமே" என்று வீட்டார் வெற்றி கொண்டாடுவது வழக்கம். ஆனால் மேளம் முழங்கும்போது காதைப் பொத்திக்கொண்டு ஜினாலயத்தின் பின்புறம் சென்று நின்றவர், அடுத்த திருவிழாவிலும் அங்கேதான் நிற்பார். கூட்டம் சேருமுன் விடியற்காலை அபிஷேகத்திற்கு அவர் வந்து போகட்டும் என்று பூசகரிடம் ஒரு சொல் சொல்லி வைப்பதற்கு எந்த மருத்துவரின் கையொப்பமும் தேவைப்படாது.