படிக்கட்டின் சதவீதம்

2016ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் இரண்டு வரையறைகள் அடுத்தடுத்து நிற்கின்றன, பேச்சுவார்த்தை இல்லாத அண்டை வீட்டுக்காரர்களைப் போல. ஒன்றின்படி, நீண்டகாலக் குறைபாடு தடைகளோடு மோதுவதால் பிறருக்குச் சமமாகச் சமூகத்தில் பங்குகொள்ள முடியாமல் போகிறவர் ஊனமுற்றவர். மற்றொன்று, சான்று தரும் அதிகாரி அளந்து, 40 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று எழுதிக் கொடுத்தவரைப் பற்றியது. வேலையிலும் உயர்கல்வியிலும் ஒதுக்கீடு இந்த இரண்டாமவருக்குத்தான்.

முதல் வரையறையில் ஊனம் உடலுக்குள் இல்லை. உடலுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் இருக்கிறது. இது லேசான விஷயமல்ல. உடலின் குறைபாடு வேறு, சமூகம் அதன்மேல் சுமத்தும் முடக்கம் வேறு என்று 1976ல் இங்கிலாந்தில் ஊனமுற்றவர்களே அமைத்த ஒரு சங்கம் பிரித்துச் சொன்னது. அந்தப் பார்வையின் சாயல் 2006ன் ஐ.நா. உடன்படிக்கையில் இருக்கிறது, இந்தியா 2007ல் அதை ஏற்றது. 1995ன் பழைய சட்டத்துக்கு ஊனமுற்றவர் என்றாலே 40 சதவீதம்தான். அதில் ஏழு வகை ஊனங்கள், 3 சதவீத ஒதுக்கீடு. புதிய சட்டத்தில் 21 வகைகள், 4 சதவீதம். எண்கள் கூடியதைவிட வரையறை மாறியதே முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் அளக்கப்படுவது இன்னும் உடல் மட்டுமே. எந்த மருத்துவரும் தாலுகா ஆபீஸ் படிகளைப் பார்த்து, இது 70 சதவீதம் ஊனமான கட்டிடம் என்று எழுதித் தருவதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் மறு அளவீட்டுக்குப் போகுமுன் கோவிலில் வேண்டிக்கொண்டார், சதவீதம் கூட வேண்டும் என்று. தன் உடல் இன்னும் கொஞ்சம் கெட்டிருக்கக் கூடாதா என்று ஒரு மனிதனை ஏங்க வைக்கும் ஏற்பாடு, உரிமையின் மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், தயவின் கணக்குதான்.

அளவில்லாமல் எப்படிப் பங்கிடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நூறு வேலையில் நான்கு என்றால் எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். எங்கே போட்டாலும் அதன் விளிம்பில் நிற்பவனுக்கு அநீதி நேரும். ஆனால் எல்லாமே பங்கிட்டுத் தீரும் பண்டமா? ஒருவருக்குக் கொடுத்த வேலை இன்னொருவருக்கு இல்லை. சாய்தளம் அப்படியல்ல. ஒருவர் ஏறிப் போவதால் அது குறைந்துவிடாது. பின்னாலேயே கர்ப்பிணியும் மூட்டுவலிக்காரரும் ஏறலாம். தீராத ஒன்றுக்கு வாசலில் நின்று சதவீதம் கேட்பது எந்த நியாயம்?

2021ல் உச்சநீதிமன்றம் இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவருக்கு மத்திய தேர்வாணையத் தேர்வில் பதில் எழுத உதவியாளர் மறுக்கப்பட்ட வழக்கு அது. 40 என்ற கோட்டை இங்கே கொண்டுவந்து நிறுத்த முடியாது என்றது தீர்ப்பு. எழுத ஆள் கொடுப்பது பங்கு கொடுப்பதல்ல. சமமாக உட்கார இடம் கொடுப்பது.

கட்டிடங்களின் கதை வேறு. இருக்கிற பொதுக் கட்டிடங்களை விதிகள் வந்த ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கதாக்க வேண்டும் என்கிறது சட்டம். விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022ல் முடிந்தது. அணுகல் பற்றிய 15வது விதி வெறும் வழிகாட்டலாக நிற்பது சட்டத்துக்கே முரண் என்றும், கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்றும் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. உடலுக்குக் கறாராக எண் சொல்லத் தெரிந்த அரசு, கட்டிடத்துக்கு யோசனை சொல்லி நிறுத்திக்கொண்டிருந்தது.

அரசை மட்டும் சொல்வானேன்? செவிடன் காதில் ஊதிய சங்கு என்று தயங்காமல் எழுதுகிறோம். பழமொழி முழுக்கக் காதைத்தான் குறை சொல்கிறது. கேளாதவனிடம் சங்கை எடுத்துப் போனவனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. சட்டத்தின் இரண்டாவது வரையறை நம் மொழியில் ஏற்கனவே குடியிருக்கிறது.

வேலைக்கும் உதவித்தொகைக்கும் ஒரு கோடு இருந்து தொலையட்டும். வாசலுக்கும் பஸ்ஸுக்கும் தேர்வு அறைக்கும் நீதிமன்றத்துக்கும் அது வேண்டாம். அங்கே அளக்கப்பட வேண்டியது படி. சான்றுகாட்ட வேண்டியவர், அந்தக் கட்டிடத்துக்குப் பொறுப்பான அதிகாரி.