சாத்திக்கொள்ள ஒரு கதவு

ஐப்பசி மழைக்கு முன்னால் மரக்காணம் உப்பளங்களில் தவறாமல் நடக்கும் வேலை ஒன்று உண்டு. வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களின் மேல் கீற்றோ தார்ப்பாயோ போட்டு, காற்று தூக்காதபடி இழுத்துக் கட்டிவிடுவார்கள். நனைந்தால் உப்பு கரையும், கூடவே போட்ட முதலும் கரையும். அதனால் யாரும் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், புறம்போக்கில் நிற்கும் இருளர் பழங்குடிக் குடிசைகளின் மேலும் தார்ப்பாய்தான் கிடக்கிறது. அது பெரும்பாலும் பழையது. இரண்டு மூன்று மழை கண்டது.

இந்தக் குடிசைகளில் இருப்பவர்களை வீடற்றோர் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 17 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல் வீடற்றோராகப் பதிவானார்கள். நடைபாதை, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று திறந்த வெளியில் படுத்தவர்கள் அவர்கள். நாலு கம்பு நட்டு மேலே ஓலை வேய்ந்துவிட்டால் அது வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். அந்த மண் தங்களுடையதில்லை, எவர் வந்து எழுந்திரு என்றாலும் எழுந்திருக்க வேண்டும் என்பதை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் ஏரியாயின. புயல் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரிசியும் போர்வையும் ஏற்றிய வண்டிகள் வரத்தான் செய்யும். அனுப்புகிறவர்களில் கம்பெனி முதலாளிகளும் உண்டு. வீடில்லாதவர்களுக்காகத் தொழிலதிபர்கள் நிதி திரட்டுவதும் ஊரறியப் பேசுவதும் எதுவரை அறம், எங்கே வெறும் படப்பிடிப்பு என்ற கேள்வி அந்த வண்டிகளின் பின்னாலேயே வருகிறது.

விளம்பரம் என்றதும் முகம் சுளிப்பது நம் பழக்கம். வள்ளுவர் அவ்வளவு கறாராக இல்லை. குறளில் 22-ஆவது அதிகாரம் ஒப்புரவறிதல், 23-ஆவது ஈகை, அதை ஒட்டி 24-ஆவதாகவே புகழ் வந்துவிடுகிறது. (இந்த வரிசை வள்ளுவர் வைத்ததா உரைகாரர் வைத்ததா என்பது தனி வழக்கு.) கொடுத்தவனுக்குப் பேர் வருவது குற்றம் என்று நம் மரபு எண்ணவில்லை என்பதற்கு இதுவே போதும்.

ஆஸ்திரேலியாவில் 2006-இல் சிட்னி நகரத் தொழிலதிபர்கள் ஒரு குளிர்கால இரவில் அட்டையை விரித்துத் திறந்த வெளியில் படுத்தார்கள். அவரவர் பேரில் நன்கொடை திரட்டி வின்சென்ட் தே பவுல் சபையிடம் கொடுத்தார்கள். பிறகு அது நாடு முழுவதற்கும் பரவி ஆண்டுதோறும் நடக்கிறது. விடிந்தால் வீட்டுச் சாவி சட்டைப்பையில் இருக்கிறதே, இது என்ன வேடம் என்று கேலி செய்தவர்களும் உண்டு. கேலி நியாயமானதுதான். ஆனால் அந்தப் பணத்தில் ஒருவருக்கு ஒரு கட்டில் கிடைத்திருந்தால், அவர் அந்தக் கேலியில் சேர்ந்துகொள்ள மாட்டார்.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. இருளர் கதையைச் சொன்ன ‘ஜெய் பீம்’ வெளிவருவதற்கு முந்தைய நாள், 2021 நவம்பர் 1 அன்று, படத்தைத் தயாரித்த 2டி நிறுவனத்தின் சார்பில் பழங்குடி இருளர் அறக்கட்டளைக்கு 1 கோடி ரூபாயை நடிகர் சூர்யா முதலமைச்சர் முன்னிலையில் வழங்கினார். மூன்றே நாளில், தீபாவளியன்று, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு முதலமைச்சர் நேரில் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். ஒன்றால் மற்றொன்று நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரே வாரத்தில் வந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலாவது கொடை. இரண்டாவது எப்போதோ கொடுத்திருக்க வேண்டிய உரிமை. பணம் செலவாகும், பட்டா பேரப்பிள்ளை காலத்திலும் இருக்கும். கேமராக்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்த உரிமைகளுக்காக மனு மேல் மனு எழுதிக்கொண்டிருந்தது.

பட்டாவை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அரசின் வீட்டுத் திட்டமானாலும் கம்பெனி கட்டித்தரும் வீடானாலும், முதலில் கேட்பது மனை யார் பேரில் என்பதைத்தான். நீர்நிலைப் புறம்போக்கில் இருக்கிறவருக்கு அந்த இடத்தில் பட்டா கிடைக்காது. மாற்று இடம் பார்த்துத் தர வேண்டும். பணம் தயாராக இருந்தும் வீடு எழும்பாமல் நிற்பது இந்த இடத்தில்தான்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணையின்படி 300 முதல் 325 சதுர அடியில் நிரந்தர வீடுகள் கட்ட முடிவானது. தொண்டு நிறுவனங்களும் தொழில் நிறுவனங்களும் கடற்கரை நெடுகக் கட்டிக்கொடுத்தன. அந்த உழைப்பைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் படகையும் வலையையும் வைத்து இழப்பைக் கணக்கிட்ட பட்டியல்களில் இருளருக்கு இடம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறியில் போடுகிறவருக்குப் படகு ஏது, வலை ஏது? கொடுத்தவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. கையில் கொடுத்த பட்டியலைக் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான். கொடையாளியின் பொறுப்பு காசோலையில் கையெழுத்து போட்டதும் முடிவதில்லை. பட்டியலில் யார் விட்டுப்போனார் என்று கேட்பதும் அதில் அடக்கம்.

2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். அதன் விதிகளில் நுட்பமான ஒன்று இருக்கிறது: சொந்தத் தொழிலாளருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் செய்வது இந்தக் கணக்கில் சேராது. கூலியைக் கொடையாக எழுத முடியாது என்று பொருள். சின்ன உப்பள உரிமையாளர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் கூலி வேறு, கொடை வேறு என்ற நியாயம் எல்லோருக்கும் பொருந்தும். செங்கல் சூளையிலும் விறகு வெட்டிலும் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே கூட்டிப்போகும் வழக்கம், 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் வட மாவட்டங்களில் அற்றுப்போகவில்லை. ஆறு மாதம் சூளையில் கிடக்கிறவர் ஊரில் பட்டா விசாரணைக்கு எப்படி வந்து நிற்பார்? அந்தச் செங்கல்லில் எழும்பிய அலுவலகத்தில் உட்கார்ந்து வீடற்றோர் நிதிக்குக் கூட்டம் போடுகிறவர், செங்கல் எங்கிருந்து வந்தது என்றும் விசாரிக்கக் கடமைப்பட்டவர். நிதி கொடுப்பதைவிட இது சங்கடமான வேலை. அதனால்தான் இதை யாரும் மேடையில் பேசுவதில்லை.

மரக்காணக் கரைக்குப் பழைய பேர் எயிற்பட்டினம் என்பது அறிஞர் பலரின் கருத்து. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் பட்டினம் அது. வள்ளலைத் தேடிப் போகும் முன் பாணன் வீட்டில் இருந்த பசியையும் அந்த நூல் காட்டுகிறது: கூரைக் கழிகள் சரிந்து, பழஞ்சுவரைக் கரையான் அரித்த அடுக்களையில், குப்பையில் முளைத்த கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அயலார் பார்த்துவிடுவார்களே என்று வாசலை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறார்கள். அப்படிச் சிதைந்த வீட்டிலும் சாத்திக்கொள்ள ஒரு கதவு மிச்சமிருந்தது. புறம்போக்குக் குடிசைக்கு அதுவும் பெரும்பாலும் சேலைத் துணிதான். அதை விலக்கி உள்ளே கேமராவை நீட்டி, போர்வையோடு ஒரு கிழவியைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கும்போது, கொடுத்ததைவிட எடுத்தது அதிகமாகிவிடுகிறது. கொடையாளி தன் முகத்தைப் போட்டுக்கொள்ளட்டும். வாங்குகிறவர் முகம் அவருக்குச் சொந்தம்.

போர்வையை யாரும் வாங்கிவிடலாம். ஒரு தொழிலதிபரிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: அவர் போனால் அதிகாரி எழுந்து நாற்காலி காட்டுவார். இருளர் ஒருவர் பல தடவை அலைந்தும் நகராத மனுவை, அவர் கூடப் போய் நின்றால் ஒரு வாரத்தில் நகர்த்த முடியும். இப்படி இருக்கக் கூடாதுதான், இருக்கிறது. மரக்காணம் தாலுகா அலுவலகத்து வாசலில் மனுதாரரோடு வரிசையில் நிற்கும் முதலாளியின் படம் நாளைக்குப் பேப்பரில் வந்தால், அந்த விளம்பரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.