பெயர் யாருக்கு உரித்து?

ஒரு கூட்டத்தைத் தோற்றுவித்தவர் அதனை விட்டு நீங்கிய பின்னர், எஞ்சியிருப்போர் பழைய பெயரையே வைத்துக்கொண்டு அதனை நடத்துவது நியாயமா? இவ்வினா சங்கங்கட்கும் பத்திரிகைகட்கும் மாத்திரம் உரியதன்று, இசைவாணர்களையும் பற்றியதேயாம். பிரெஞ்சு தேசத்தில் தோன்றிய ‘காங்’ என்னும் ராக் இசைக் குழுவின் வரலாற்றைக் கொண்டு இதனை நாம் ஆராயப் புகுகின்றோம். காங் என்பது சேகண்டியைக் குறிக்கும் சொல்.

ஆஸ்திரேலியரான டேவிட் ஆலன் 1966-ல் இங்கிலாந்தில் நண்பர்களோடு சேர்ந்து ‘சாஃப்ட் மெஷின்’ என்ற குழுவை அமைத்தார். 1967-ல் அக்குழு பிரான்சில் வாசித்துத் திரும்புகையில், தங்கும் அனுமதியின் தவணை கடந்ததென்று அவரை இங்கிலாந்துக்குள் விட மறுத்துவிட்டனர். நண்பர்கள் அவரின்றியே அப்பெயரை நடத்தினர். பாரிஸில் நின்றுவிட்ட ஆலன், கில்லி ஸ்மித் என்னும் அம்மையாருடன் காங் குழுவைத் தொடங்கினார். ஆகவே, தாம் தோற்றுவித்த பெயர் தம்மையின்றி வாழக்கூடும் என்பதை அவர் முன்னரே கண்டறிந்தவர்.

1973, 1974 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று இசைத்தட்டுகளே இக்குழுவின் பெருமைக்குக் காரணம். காங் என்றொரு கிரகமாம். அதில் பச்சை நிறச் சிறு மனிதராம். பறந்து திரியும் தேநீர்க் கெண்டியாம்! கதை வெறும் விளையாட்டு, இசையோ விளையாட்டன்று. திதியே மலெர்ப் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் ஊத, ஸ்டீவ் ஹில்லேஜ் கித்தார் மீட்ட, பியேர் மொர்லன் தாள வாத்தியங்களை முழக்கினார்.

1975-ல் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில் மேடையேறச் சென்ற ஆலன், கண்ணுக்குத் தெரியாத சக்தியொன்று தம்மைத் தடுத்ததெனக் கூறி விலகினார். இதனைப் பகுத்தறிவுடையோர் நம்பவேண்டுவதில்லை. மனம் சலித்த மனிதர் சொல்லும் சமாதானம் என்று கொள்வதே சாலும். அவ்வாண்டிலேயே ஹில்லேஜும் பிரிந்தார். தலைமை மொர்லனிடம் வந்தது. கிரகமும் கெண்டியும் போயின. சொல்லற்ற வாத்திய இசை மிகுந்தது. பெயர் மட்டும் காங்!

நிற்க. கிரேக்கரிடையே இதற்கொத்த பழைய புதிர் ஒன்றுண்டு. தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் காத்து வந்தனர். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப்பலகை வைப்பர். எல்லாப் பலகையும் மாறிய பின் அது பழைய கப்பல்தானா என்று கேட்டனர் அறிஞர் என்பது புளூடார்க் எழுதி வைத்த செய்தி. ஆங்கிலேய அறிஞர் ஹாப்ஸ் 1655-ல் மேலும் ஒரு முடிச்சுப் போட்டார்: கழித்த பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

ஹாப்ஸ் கற்பனையில் கண்டதைப் பாரிஸ் மாநகரம் நேரிற் கண்டது. மொர்லனின் குழு நடைபெற்று வருகையிலேயே, 1977 மே 28-ல் பழைய உறுப்பினர் ஒருங்கே கூடி வாசித்தனர். அந்நிகழ்ச்சியின் இசைத்தட்டுக்கு இட்ட தலைப்பு, ‘காங் மாண்டது, காங் வாழ்க’ என்பதாம்.

தோற்றுவித்தவர் என்ற ஒரே காரணத்தால் ஆலனுக்குப் பெயர் பட்டயமாகிவிடாது. பிறப்புரிமையைப் பிற இடங்களில் மறுப்போர் ஈண்டு மாத்திரம் ஒப்புவதெங்ஙனம்? ஆயின், உழைத்துத் தாங்கியவர் என்பதனால் மொர்லன் எதை வேண்டுமாயினும் அப்பெயரில் விற்கலாம் என்பதும் பொருந்தாது. காசு கொடுத்துத் தட்டு வாங்குபவன் ஒருவன் இருக்கின்றான். அவனை இரு கட்சியாரும் மறந்துவிடுகின்றனர். மொர்லன் பிற்பாடு ‘பியேர் மொர்லனின் காங்’ என்று தம் பெயரையும் சேர்த்து வழங்கினார். 1979-ல் வந்த தட்டு அப்பெயரோடேயே வெளிப்பட்டது. அது நேர்மையான செயல். சற்றுத் தாமதித்த நேர்மை என்றும் சொல்வோம்.

ஆலன் 2015-ல் தமது 77-ஆம் வயதில் மறைந்தார். தாமின்றியும் குழு நடக்கவேண்டும் என்பதே அவர் விருப்பம். கவுஸ் டொராபி தலைமையில் அது நடந்தது. 2023-ல் வந்த தட்டினை இயற்றிய ஐவருள் 1970-களில் உடனிருந்தவர் ஒருவருமிலர். தோற்றுவித்தவரின் இசைவு கிடைத்ததனால் ஐயம் தீர்ந்தது என்பர் சிலர். பெயர் உயில் எழுதிக் கொடுக்கும் தோட்டமா? ஐவரும் அதை வாசித்தே சம்பாதித்தல் வேண்டும்.

ஹாப்ஸின் புதிருக்குள் அடங்காத செய்தி ஒன்றுண்டு. ஒரே பலகை ஒரே வேளையில் இரு கப்பல்களில் இருத்தல் இயலாது. ஆனால் 1977-ல் ஆலனின் பழைய கூட்டம் பாரிஸ் மேடையேறியபோது, பின்னமர்ந்து முரசறைந்தவர் மொர்லனே.