வணங்கினால் போதுமா?

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் உள்ள தொம்மலூரை இன்று பெரும்பாலோர் மேம்பாலத்தையும் மென்பொருள் அலுவலகங்களையும் வைத்தே அறிவர். அவற்றுக்கு நடுவே சோழர் காலத்தைச் சேர்ந்த சொக்கநாத சுவாமி கோயில் ஒன்று உண்டு. கருவறையில் எழுந்தருளியிருப்பவர் திருமால். பெயரோ மதுரைச் சிவபெருமானை நினைவூட்டுகிறது. ஊரைத் ‘தொம்பலூர்’ என்றும் ‘தேசிமாணிக்கப்பட்டணம்’ என்றும் குறிக்கும் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. பெயர் பேதம் பாராட்டாத ஊர் என்று மகிழ்ந்தபடி கோயிலை விட்டுச் சாலைக்கு வருபவர், நம் பெருநகரங்கள் அனைத்திலும் காணும் ஒரு காட்சியை இங்கும் காணக்கூடும். சிவப்பு விளக்கில் வாகனங்கள் நிற்கின்றன. திருநங்கை ஒருவர் கைதட்டிக்கொண்டு வருகிறார். காரின் கண்ணாடியைப் பாதி இறக்கிப் பணம் கொடுப்பவர், தலையைச் சற்று முன்னே நீட்டி ஆசியும் பெற்றுக்கொள்கிறார். விளக்கு பச்சையானதும் கண்ணாடி ஏறிவிடுகிறது.

அந்த ஆசியை அவர் உண்மையான நம்பிக்கையோடுதான் பெறுகிறார். அதை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அதே திருநங்கை மறுநாள் அவரது வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தால் என்ன விடை கிடைக்கும்?

ஒருவரிடம் தெய்வத்தைக் கண்டு வணங்கிவிட்டால், அவரைச் சமமாக நடத்த வேண்டிய கடமையும் அத்துடன் நிறைவேறிவிடுகிறதா? வேதாந்தம் பயிலும் நம்மை இந்தக் கேள்வி மற்றவர்களைவிட மிகுதியாக உறுத்த வேண்டும். அனைத்தும் பிரம்மம் என்று நாள்தோறும் சொல்பவர்கள் நாமே அல்லவா?

வடகர்நாடகத்தில் ஜோகப்பாக்கள் எனப்படுவோர் உள்ளனர். ஆணாகப் பிறந்து, பெண்மையைத் தம் இயல்பாக உணர்ந்து, எல்லம்மா தேவிக்கு அர்ப்பணிக்கப்பட்டுப் புடவையும் வளையலும் அணிந்து வாழ்பவர்கள். பெலகாவி மாவட்டத்துச் சவதத்தி எல்லம்மாவே அவர்களுக்குத் தாய். தேவியின் திருமுகம் பதித்த கூடையையோ குடத்தையோ தலையில் சுமந்து, சௌடிகை என்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடி, ‘பண்டாரம்’ எனப்படும் மஞ்சள் பொடியை நெற்றியில் இட்டு ஆசி கூறுவார்கள். எல்லம்மா என்பவள் ரேணுகையே. தந்தை ஜமதக்னியின் சொற்படி பரசுராமர் தாயின் தலையைத் துணித்த கதை நாம் அறிந்ததுதான். கர்நாடகத்தில் வழங்கும் ஒரு வடிவத்தின்படி, தாயைக் கொல்ல மறுத்த மற்றப் புதல்வர்கள் ஆண்மை இழக்குமாறு சபிக்கப்பட்டார்கள். ஜோகப்பாக்கள் தங்கள் மரபை அப்புதல்வர்களோடு இணைத்துச் சொல்வதுண்டு. சாபம் யார்மீது விழுந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். வாளை எடுக்க மறுத்தவர்கள்மீது!

ஜோகப்பா வாசலுக்கு வந்தால் காலில் விழுகிறார்கள். மடியில் தானியம் இடுகிறார்கள். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே அழைப்பவர் அரிது. தமிழில் ‘ஏற்றல்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. இரந்து பெறுவதும் ஏற்றல், ஒருவரை நம்முள் ஒருவராக ஒப்புக்கொள்வதும் ஏற்றல். மொழிபெயர்ப்பு வேலையில் அடிக்கடி இடறும் சொல் இது. ஜோகப்பாவின் வாழ்வில் முதற்பொருள் மட்டும் நெடுங்காலமாக நிலைத்துவிட்டது. அவர் ஏற்கிறார், ஊர் அவரை ஏற்கவில்லை.

இந்த நிலைக்குப் பாட்டாலும் ஆட்டத்தாலும் விடை தேடியவர் மஞ்சம்மா ஜோகதி. பல்லாரி மாவட்டத்தில் மஞ்சுநாத ஷெட்டி என்ற பெயருடன் பிறந்தவர். பெண்மை உணர்வு வெளிப்பட்டதும் பெற்றோர் அவரை ஹொசபேட்டை அருகிலுள்ள ஹுலிகெம்மா கோயிலுக்கு அழைத்துச் சென்று தேவிக்கு அர்ப்பணித்தார்கள். அரைஞாண் அறுக்கப்பட்டது, புடவை அணிவிக்கப்பட்டது. கோயிலில் அது ஒரு புனிதச் சடங்கு. வீட்டிலோ மகன் இறந்துவிட்டதைப் போன்ற துக்கம். நஞ்சருந்தி உயிர்விட முயன்றார், பிழைத்தார். வீட்டை விட்டு வெளியேறிப் பிச்சை எடுத்தார். பலரால் வன்முறைக்கும் ஆளானார். மீண்டும் சாக எண்ணியிருந்த நாட்களில், தாவணகெரே பேருந்து நிலையத்தில் ஒரு தந்தையும் மகனும் வித்தை காட்டுவதைக் கண்டார். தந்தை பாட, மகன் தலையில் குடம் வைத்து ஆடினான். அவர்களைத் தேடிச் சென்று அந்த ஆட்டத்தைக் கற்றார். பின்னர் காளவ்வ ஜோகதி என்ற மூத்த கலைஞரின் குழுவில் சேர்ந்து மாநிலமெங்கும் எல்லம்மாவின் கதையைப் பாடி ஆடினார். காளவ்வாவின் மறைவுக்குப் பின் குழுவைத் தாமே நடத்தினார். 2010-இல் கர்நாடக ராஜ்யோத்சவ விருது பெற்றார். 2019-இல் கர்நாடக ஜானபத அகாதெமியின் தலைவராக நியமிக்கப்பட்டார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

அவரது வாழ்க்கையைப் போற்றுவதோடு இக்கட்டுரையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் தத்துவம் பயின்ற அன்பர்கள் சிலர் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு. அதைக் கேட்காமல் கடந்து செல்வது நேர்மையாகாது.

ஆதிசங்கரர் பெயரில் வழங்கும் ‘தத்துவோபதேசம்’ என்ற சிறுநூல், அத்வைதத்தை உள்ளத்தின் பாவனையில் எப்போதும் கைக்கொள்ளுமாறும் செயலில் கைக்கொள்ளாதிருக்குமாறும் அறிவுறுத்துகிறது. கீதையின் ஐந்தாம் அத்தியாயம் கல்வியும் பணிவும் உடைய அந்தணர், பசு, யானை, நாய், நாயைச் சமைத்து உண்பவர் ஆகிய ஐவரிடத்தும் ஞானிகள் சமப்பார்வை உடையவர்கள் என்கிறது. ‘பார்வைதான் சமம், நடத்தை சமமன்று. யானையைக் கறக்க முடியுமா, பசுவின்மேல் அம்பாரி வைக்க முடியுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு.

இந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பது சமத்துவமாகாது. ஜோகப்பா நம்மைப்போல் மாறினால்தான் ஏற்போம் என்பதும் ஒருவகை வன்முறையே. ஆயினும் அந்த ஐவரில் மூன்று விலங்குகளும் இரண்டு மனிதர்களும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். யானைக்குக் கரும்பும் பசுவுக்குப் புல்லும் கொடுக்கும்போது வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது? பெறுகின்ற உயிரின் தேவையிலிருந்து. திருநங்கைக்கு வீடு மறுக்கப்படும்போது வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது? மழையில் அவரும் நனைவார், இரவில் அவருக்கும் உறக்கம் வரும். அவரது தேவையில் வேறுபாடு ஏதுமில்லை. மறுப்பவரின் வசதியில்தான் இருக்கிறது. விலங்குகளுக்குப் பொருந்தும் நியாயத்தை மனிதர்கள்மீது ஏற்றும் இடத்தில்தான் வாதம் வழுக்கிவிடுகிறது. வேதாந்தம் அன்றாட வாழ்வில் நடைமுறைக்கு வராவிட்டால் பயனில்லை என்று சுவாமி விவேகானந்தர் 1896-இல் லண்டனில் தொடர்ந்து சொற்பொழிவாற்றியதும், பார்வையை ஒரு பக்கமும் நடத்தையை மறுபக்கமும் வைக்கும் இந்தப் பழக்கத்தை எண்ணியே என்று தோன்றுகிறது.

நம் பக்தர் வரலாறுகளையும் இந்தக் கண்ணோட்டத்தில் மீண்டும் படிக்கலாம். உடுப்பியில் கனகதாசருக்குக் கோயிலுக்குள் அனுமதி இல்லை. வெளியே நின்று பாடினார். சுவர் பிளந்தது, கண்ணன் அவர் பக்கம் திரும்பினான் என்பது வரலாறு. அந்தச் சாளரத்தின் வழியே தரிசிப்பதை இன்று பெரும்பேறாகக் கருதுகிறோம். திருப்புன்கூரில் நந்தி விலகியது. நந்தனார் வெளியில் நின்றபடியே இறைவனைக் கண்டார். இறைவன் திரும்பினான், நந்தி விலகியது, சுவரும் விட்டுக்கொடுத்தது. கதவைத் திறந்திருக்க வேண்டிய மனிதர்கள் என்ன செய்தார்கள்? மனிதர் செய்ய வேண்டியதை இறைவனே செய்ய நேர்ந்தது என்பதற்கு இக்கதைகள் சான்று. நாமோ அற்புதத்தைக் கொண்டாடுவதில் கதவை மறந்துவிடுகிறோம்.

சுவாமிஜியின் வாழ்விலேயே இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று உண்டு. அன்பர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். அமெரிக்கா செல்வதற்கு முன்பு, கேத்ரி மன்னர் அஜித் சிங்கின் இசை நிகழ்ச்சி ஒன்றில் நாட்டிய மங்கை ஒருத்தி பாடவிருந்தாள். சுவாமிஜியை அழைத்தபோது, துறவியாகிய தாம் அத்தகைய நிகழ்ச்சிக்கு வருவது முறையன்று என்று மறுத்துவிட்டார். அவள் மனம் நொந்து சூர்தாசரின் பஜனைப் பாடல் ஒன்றைப் பாடினாள். பூஜையறையில் உள்ள இரும்பும் கசாப்புக்காரனின் கையில் உள்ள இரும்பும் பரிசவேதிக்கு ஒன்றுதான் என்பது அதன் கருத்து. பாட்டு தொலைவிலிருந்த சுவாமிஜியின் செவியில் விழுந்தது. அவள் இரக்கத்தை யாசிக்கவில்லை. அவர் நம்பிய தத்துவத்தையே எடுத்து அவர்முன் வைத்தாள். அடுத்து நடந்ததுதான் முக்கியம். அவர் இருந்த இடத்திலிருந்தே ஆசி கூறி அனுப்பியிருக்கலாம். துறவிக்கு அது இழுக்காகவும் இருந்திராது. அவர் எழுந்து சென்று அந்த அவையில் கலந்துகொண்டார். தம் கண்ணிலிருந்த திரை அன்று விலகியதாகப் பின்னாளில் அவரே கூறினார். பாவனை அத்வைதம் செயல் அத்வைதமாக மாறுவதற்கு ஆன தொலைவு, அவர் இருந்த இடத்திலிருந்து அந்த அவை வரைக்குமான சில அடிகளே.

2021 நவம்பரில் குடியரசுத் தலைவர் மாளிகையில் பத்மஸ்ரீ பெற வந்த மஞ்சம்மா, குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அவர்களை நெருங்கியதும், தம் புடவைத் தலைப்பால் அவருக்குத் திருஷ்டி கழித்துவிட்டுத் தரையைத் தொட்டார். அவை கைதட்டியது. நாடு முழுவதும் அக்காட்சியைக் கண்டு நெகிழ்ந்தது. நெகிழத்தக்க காட்சிதான். என்றாலும், என் மதிப்பீட்டில் அதைவிடப் பெரியது அகாதெமித் தலைவர் நாற்காலி. திருஷ்டி கழிக்கும் ஜோகதியை நாடு முன்பே அறியும். அவளிடம் ஆசி பெற நாம் என்றுமே தயங்கியதில்லை. கோப்புகளைப் படித்து, கூட்டங்களுக்குத் தலைமை தாங்கி, மற்றக் கலைஞர்களுக்கு விருது பரிந்துரைக்கும் ஜோகதி புதியவர். அந்த அலுவலகத்தில் அவரை வணங்க வேண்டியதில்லை, அவர் சொல்வதைக் கேட்டால் போதும். கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா 2016-இல் ஜோகப்பாக்களோடு ஒரே மேடையில் பாடியதையும் இவ்வகையில் சேர்க்கலாம். அவருடைய பிற கருத்துகளோடு உடன்படாத வாசகர்கள் இருப்பார்கள். ஆனாலும் ஒரு பாடகர் இன்னொரு பாடகரோடு பாடுவதில் ஆசியும் இல்லை, பிச்சையும் இல்லை.

சிவஞானத்தோடு ஜீவசேவை செய்யுமாறு ஸ்ரீராமகிருஷ்ணர் அருளியது இதற்கு எதிரானதா என்று சிலர் கேட்கலாம். எதிரானதன்று. பூஜை செய்பவர் தெய்வத்தின் விருப்பத்தை அறிந்தே படைக்கிறார். பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை, அனுமனுக்கு வடைமாலை. ஜீவனிடம் சிவனைக் காண்பவரும் அந்தச் சிவனுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டாமா? உச்ச நீதிமன்றம் 2014-இல் திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளை அங்கீகரித்தபோதும், கர்நாடக அரசு 2021-இல் தன் பணிகளில் அவர்களுக்கு ஒரு விழுக்காடு ஒதுக்கியபோதும் விடை தெளிவாகவே சொல்லப்பட்டது. படிப்பு, வேலை, தங்க ஓர் இடம்.

இனி ஒரு சங்கடமான கேள்வி மிஞ்சுகிறது. மஞ்சம்மாவிடம் கலை இருந்தது. அதனால் உலகம் திரும்பிப் பார்த்தது. பாட வராத, ஆட வராத ஜோகப்பாவுக்கு என்ன வழி? திறமையை நுழைவுச்சீட்டாகக் கேட்பது பிறப்பை நுழைவுச்சீட்டாகக் கேட்பதைவிட எவ்வளவு மேலானது? ஆன்மாவின் ஒருமையை உபநிடதங்கள் யாருடைய குரல்வளத்தையும் சோதித்துவிட்டுச் சொல்லவில்லை. மஞ்சம்மாவின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. தாவணகெரேயில் அந்தத் தெருக்கலைஞரிடம் அவர் போய் நின்றபோது, அவர் கையில் விருதும் இல்லை, பின்னால் குழுவும் இல்லை, அந்த ஆட்டமும் இன்னும் தெரியாது. அந்தக் கலைஞர் குடத்தை எடுத்து அவர் தலையில் வைத்து, நடந்து காட்டச் சொல்லித் தொடங்கியிருக்க வேண்டும்.