வீட்டில் இருக்கும் பொருள் யாருடையது?

சைவ ஆலயமொன்றில் காலைப் பூசை முடிந்தபின் குருக்கள் ஐயாவைச் சற்றுக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கும். தூபக்கால் அதன் இடத்துக்குப் போகும். தீர்த்தச் செம்பு அதன் பீடத்துக்குப் போகும். மணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நேற்று மாலை சாத்திய மாலை, அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், இன்று காலை நிர்மாலியமாகக் களையப்படும். அப்படிக் களைந்ததையும் கண்ட இடத்தில் எறிவதில்லை. காலில் மிதிபடாத ஓரிடத்தில் சேர்ப்பார்கள். வைப்பதற்கு ஒரு முறை இருப்பது போலக் கழிப்பதற்கும் ஒரு முறை ஆலயத்தில் உண்டு.

இந்த ஒழுங்கைத் தினமும் கண்டு கும்பிட்டுவிட்டு வீடு திரும்பும் அடியார், தம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைக்க இடமில்லாமல் நிற்கிறார். இது சிரிப்புக்குச் சொன்னதல்ல. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புதுக்கடையிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான்.

வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பாடசாலை செல்லும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட மாமியார். காலையில் பாடசாலை வான் கீழே நின்று ஹோர்ன் அடிக்கும்போது மேலே சப்பாத்துத் தேடுவார்கள். கதிரையில் துணி இருக்கும், மனிதர் நிற்பார்கள். அலுமாரிக்கு மேலே சூட்கேஸ்கள், கட்டிலுக்குக் கீழே பெட்டிகள், பல்கனியில் உடைந்த சைக்கிளும் யோகட் கோப்பைகளும், குசினித் தட்டில் வெறும் பிஸ்கற் ரின்களும் ஹோர்லிக்ஸ் போத்தல்களும். திருமண வீடுகளிலும் பூப்புனித நீராட்டு விழாக்களிலும் கிடைத்த எவர்சில்வர் தட்டுகளும் சுவர் மணிக்கூடுகளும் உறை பிரிக்காமலே இருக்கின்றன. ஒரு வீட்டுக்கு எத்தனை சுவர் மணிக்கூடு வேண்டும்?

சித்திரைப் புத்தாண்டுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்வது நம்மவர் வழக்கம். வருடத்துக்கொரு முறை அந்த வீட்டில் ஒரே வாக்குவாதம் நடக்கும்.

"மாமி, இந்த ரின்னெல்லாம் என்னத்துக்கு? எறிஞ்சிடட்டே?"

"கிடக்கட்டும் பிள்ளை. ஒரு அந்தரம் ஆபத்துக்கு உதவும்."

இதில் யார் பக்கம் நியாயம் என்பதே இங்கே ஆராயப்பட வேண்டியது. முதற் பார்வைக்குச் சாத்திரம் முழுவதும் மருமகள் பக்கமே நிற்பதாகத் தோன்றும். பதஞ்சலி முனிவர் யமங்கள் ஐந்தனுள் ஒன்றாக அபரிக்கிரகத்தை, அதாவது தேவைக்கு மேல் பொருளைப் பற்றி வைத்திராமையை வைத்தார். காந்தியடிகள் அதைத் தம் ஆச்சிரம விரதங்களுள் ஒன்றாக்கி, தேவைக்கு மேல் வைத்திருப்பது ஒருவகைத் திருட்டே என்னும் அளவுக்குச் சென்றார். திருவள்ளுவர் துறவுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். இவற்றுக்கெல்லாம் மேலாக, உழவாரப் படை தாங்கிய அப்பர் பெருமான் இருக்கிறார். திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிய இடமெங்கும் பொன்னும் நவமணியும் மின்னும்படி இறைவன் செய்ததையும், அவர் அவற்றைக் கல்லோடு கல்லாக வாரித் திருக்குளத்தில் எறிந்ததையும் பெரியபுராணம் கூறும். பொன்னையே எறிந்த அடியாரைக் கும்பிடும் நாம் பிஸ்கற் ரின்னை எறியத் தயங்குகிறோமே என்று மருமகள் கேட்டால் மறுமொழி சொல்வது கடினம்.

ஆனால் மாமியார் சொன்ன 'அந்தரம் ஆபத்து' வாய்க்கு வந்த வார்த்தையல்ல. அதற்குத் திகதிகள் உண்டு. 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர் உடுத்த உடையோடு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் தஞ்சமடைந்தார்கள். அங்கிருந்து பலர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினார்கள். ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து வைத்த வீடுகள் ஒரே பகலில் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து நடந்தது. மழையிலும் இருளிலும் இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்தார்கள். கையில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கச் சில மணித்தியாலங்களே இருந்தன. அன்று வெறும் ரின் ஒன்றும் போத்தல் ஒன்றும் தண்ணீர் பிடிக்கவும் அரிசி வைக்கவும் எவ்வளவு உதவின என்பதை அந்தப் பாதையால் நடந்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர் பிறகு எதையும் இழக்க அஞ்சுவார். அதைப் பேராசை என்று சொல்வது அறியாமை. அபரிக்கிரகம் என்பது விரும்பி விடுவது. பறிகொடுத்தவரிடம் போய் விரதம் பேசுவது முறையாகாது.

சேமித்த காகிதம் பயன்பட்டதும் உண்டு. வலிகாமம் வடக்கில் 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணிகள், 2009இல் யுத்தம் முடிந்தபின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. வீடு தரைமட்டமாய், மதிலும் கிணறும் அடையாளமின்றிப் போயிருந்த இடங்களில், காணி உறுதியைச் சேலைக்குள் சுற்றி இடம்பெயர்வுக்கு இடம்பெயர்வு காத்துவந்த தாய்மாருக்கு அலைச்சல் குறைந்தது.

அப்படியானால் மாமியார் சொல்வதே சரியா? அதுவும் முழுவதும் சரியன்று. அச்சத்துக்கு வேறுபாடு தெரியாது. அது காணி உறுதியையும் யோகட் கோப்பையையும் ஒரே பெட்டிக்குள் வைக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அவசரமாகத் தேவைப்படும் நாளில், பத்து வருட மின்சாரப் பட்டியல்களுக்கும் பழைய கலண்டர்களுக்கும் நடுவே அதைத் தேட வேண்டியிருக்கும். தேடி எடுக்க முடியாத கோவை இல்லாத கோவைக்குச் சமம் என்பது அரச அலுவலகத்தில் ஒரு வருடமாவது இருந்தவருக்குத் தெரியும். அங்கே வருட முடிவில் பொருட்களைக் கணக்கெடுக்க ஒரு குழு வரும். கதிரை, மேசை, மின்விசிறி ஒவ்வொன்றையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பாவிக்கக் கூடியது எது, திருத்தக் கூடியது எது, கழிக்க வேண்டியது எது என்று எழுதும். கால் உடைந்த கதிரையைக்கூட ஒருவர் தம் விருப்பப்படி எறிந்துவிட முடியாது, ஏனென்றால் அது அவருடையதல்ல. இந்த நடைமுறையைக் கேலி செய்வோர் பலர். ஆனால் 'இது யாருடையது?' என்ற கேள்வியை முதலில் கேட்கும் முறை அது.

வீட்டிலும் அந்தக் கேள்வியே முதலில் எழ வேண்டும். திருநீலகண்ட நாயனார் தில்லையில் மட்கலம் வனைந்து வாழ்ந்த குயவர். சிவயோகியார் வடிவில் வந்த இறைவன் ஓர் ஓட்டை அவரிடம் கொடுத்து, கேட்கும்போது தருக என்று சொல்லிப் போனார். பின்பு அது வைத்த இடத்தில் இல்லை. நாயனார் வேறு நல்ல ஓடு தருவதாகச் சொல்லியும் யோகியார் ஏற்கவில்லை. வழக்குத் தில்லைவாழ் அந்தணர் அவைவரை சென்றது. ஓடு வனைவதே தொழிலாகக் கொண்டவர், நாளொன்றுக்கு எத்தனையோ ஓடு செய்யக் கூடியவர், அந்த ஒன்றுக்கு ஈடு கொடுக்க முடியாமல் நின்றார். ஓட்டின் விலை அங்கே பொருட்டல்ல. அது பிறர் நம்பிக் கொடுத்தது.

அப்பர் பெருமான் எறிந்த பொன்னுக்கு வேறு உரிமையாளர் இல்லை. இறைவனே வைத்தான், இறைவனுடைய குளத்திலேயே அது சேர்ந்தது. நம் வீட்டுப் பொருட்கள் அப்படியானவையல்ல. கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் இலண்டனுக்கும் போன உறவினர் "வரும்வரை வைத்திரு" என்று விட்டுச்சென்ற பெட்டிகள் கொழும்பில் எத்தனை கட்டிலுக்கடியில் இருக்கின்றன! இறந்துபோன தகப்பனாரின் மூக்குக் கண்ணாடி, மகள் வரைந்த படங்கள், மாமியாரின் ரின்கள், இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அவரைக் கேளாமல் எறிந்துவிட்டு வீட்டைத் துப்புரவாக்கினேன் என்று பெருமைப்படுவதில் பற்றின்மை இல்லை, அவசரம்தான் உண்டு. பிறருடைய பொருளில் துறவியாவது எல்லோருக்கும் இலகு. மனைவியின் பழைய சேலைகளைத் தானமாகக் கொடுத்துவிடும் கணவர், தாம் சேர்த்து வைத்த பழைய பத்திரிகைக் கட்டில் ஒருவரும் கை வைக்க விடமாட்டார். பிள்ளையின் பட்டத்தை எறிந்த தாய், தம் பிளாஸ்ரிக் டப்பாக்களுக்கு மூடி தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்த கேள்வி, எறிந்த பொருள் எங்கே போகிறது என்பது. நம்மில் அநேகருக்கு அது குப்பை வண்டி திரும்பும் சந்தியோடு முடிந்துவிடுகிறது. உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. கொழும்பின் குப்பை நெடுங்காலம் கொட்டாஞ்சேனைக்கு அருகே புளூமெண்டால் மேட்டில் கொட்டப்பட்டது. அந்த மேட்டின் அடியிலும் மக்கள் குடியிருந்தார்கள். விவகாரம் புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2009இல் அந்த இடம் மூடப்பட்டது. குப்பை நிற்கவில்லை, இடம் மாறியது. கொலன்னாவையிலுள்ள மீதொட்டமுல்லையில் புதிய குன்று வளர்ந்தது. அதன் அடிவாரத்து மக்கள் வருடக்கணக்காக முறையிட்டார்கள்.

2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று பிற்பகல், அந்தக் குன்று சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். குழந்தைகளும் அதில் இருந்தனர். பண்டிகைச் சோறு உண்டு வீட்டுக்குள் இருந்த குடும்பங்கள் அவை. நகரம் முழுவதும் புத்தாண்டுக்காகத் தன் வீடுகளைக் கழுவித் துடைத்து, பழையதை வெளியே வைத்த நாட்களை அடுத்து இது நடந்தது. எந்த வீட்டின் எந்தப் பை அங்கே இருந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒருவருடைய மனச்சாட்சியும் அதைத் தனதென்று ஏற்பதில்லை.

பிறகு கொழும்பின் குப்பையைப் புத்தளம் மாவட்டத்து அறுவைக்காட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் வந்தது. புத்தளத்து மக்கள் வீதியில் இறங்கி எதிர்த்தார்கள். ஆயினும் 2019இல் அங்கே குப்பை போகத் தொடங்கியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து, அனைத்தையும் விட்டுவிட்டுப் போகும்படி வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் வந்து ஒதுங்கிய மாவட்டமும் அதுவே. கட்டிய துணியோடு வெளியேறுவது எப்படிப்பட்டதென்று நன்கறிந்த இரு சமூகங்களில், ஒன்று கழித்தது மற்றதன் அயலுக்குப் போனது.

எறியாமல் வைத்திருப்பதாலும் பிறருக்குத் தீங்கு வரலாம். மீதொட்டமுல்லை சரிந்த அதே 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். டெங்கு நுளம்பு முட்டையிடப் பெரிய குளம் தேவையில்லை. பல்கனியில் கிடக்கும் யோகட் கோப்பையில் தேங்கிய ஒரு சிரங்கை மழைநீர் போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பதும் வழக்குத் தொடர்வதும் இதனால்தான். 'கிடக்கட்டும்' என்ற சொல் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்தியசாலைக்கு அனுப்பக் கூடும். தமிழகத்தில் பழையன கழிக்கும் போகிப் பண்டிகையன்று, முன்னாளில் பாயும் துடைப்பமும் எரித்த இடத்தில் இப்போது ரயரும் பிளாஸ்ரிக்கும் எரிக்க, 2018இல் அந்தப் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து சென்னையில் விமானப் போக்குவரத்தையே குழப்பின. கழிப்பதும் கருத்தில்லாமல் செய்தால் இப்படித்தான்.

ஆலயங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கண்ணாடி உடைந்த சுவாமிப் படம், கை முறிந்த பிள்ளையார், ஒட்டை விழுந்த குத்துவிளக்கு, இவற்றை வீட்டில் வைக்கவும் மனமில்லை, குப்பையில் போடவும் பயம். ஆகவே இருட்டியபின் கோயில் அரச மரத்தடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போய்விடுவார்கள். காலையில் அங்கே ஒரு சிறு மலை இருக்கும். கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றி, கடதாசியைத் தீயில் சேர்ப்பதற்குக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணி நேரத்தை மரத்தடியில் வைத்துவிட்டுப் போவது பக்தியாகாது. தங்களுக்கு வேண்டாத சேலையை அம்பாளுக்குச் சாத்தச் சொல்வதும் அப்படித்தான். சண்டேசுவரர் சந்நிதியில் நின்று, சிவன் சொத்தில் ஒன்றும் எடுத்துச் செல்லவில்லை என்று கையைத் தட்டிக் காட்டுகிறோம். கொண்டுவந்து கொட்டியதற்கு எங்கே கை தட்டுவது என்று வழக்கம் சொல்லவில்லை.

இனி, நாம் எடுத்துக்கொண்ட அந்த வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பினால், அங்கே செய்யக் கூடியது அதிகமில்லை. புத்தாண்டுக்கு முதல் நாள் மருமகள் தனியே மூச்சு வாங்க வாங்கச் செய்யும் வேலையாக அது இருக்கும்வரை வாக்குவாதமும் தீராது. இரண்டு சனிக்கிழமை மாலைகள், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கணவனும் பிள்ளைகளும் உட்பட எல்லோரும் நிலத்தில் இருந்தால் போதும். முதலில் உறுதி, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் ஒரு பைக்குள் போய், அந்தப் பை எங்கே இருக்கிறதென்று பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். அச்சத்துக்கு உரிய மரியாதை அதுதான். அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது என்று கண்டபின் மாமியாரின் பிடி ரின்களில் சற்றுத் தளரவும் கூடும். நல்ல தட்டுகளும் துணிகளும், பழுதாகுமுன், தேவைப்படும் வீட்டுக்கு நேரே கையில் கொடுக்கப்பட வேண்டும். போத்தலும் பத்திரிகையும் அவற்றை வாங்க வரும் மனிதருக்கு. அவருக்கு அது பிழைப்பு.

கனடாக்காரரின் பெட்டிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வேண்டும். அதற்குள் என்ன வைத்தோம் என்பதே அவருக்கு மறந்திருக்கும். "இன்னும் வைச்சிருக்கிறியளோ?" என்று அவர் சிரிக்கக் கூடும், அழவும் கூடும். கேட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

ரின்களை மாமியாரே பார்க்கட்டும். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்த்து, நாற்பதில் மூன்றைத் தன் பக்கம் எடுத்து வைத்தால், அந்த மூன்றும் ஏன் என்று மருமகள் கேட்க வேண்டியதில்லை.