வீரமும் நியாயமும்

2005 மார்ச் 20. ஈராக்கின் சல்மான் பாக் அருகே அமெரிக்கச் சரக்கு வாகன வரிசை தாக்கப்பட்டது. காவலுக்கு வந்த ராணுவ போலீஸ் சார்ஜென்ட் லீ ஆன் ஹெஸ்டர், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தன் குழுவைப் பக்கவாட்டில் நடத்திச் சென்று, பதுங்குகுழியில் இறங்கிப் போரிட்டார். வெள்ளி நட்சத்திர விருது பெற்றார். நேரடித் தரைப்போர்ப் பிரிவுகளில் பெண்கள் சேர அந்நாட்டில் அன்று தடை இருந்தது, 2013இல்தான் விலக்கினார்கள்.

பெண்ணுக்குப் போர்க்களத் துணிவு கிடையாது என்ற பொய்யை அவர் உடைத்தார். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அது ஆக்கிரமிப்புப் போர். அவர் தோழர்களைக் காத்ததும் உண்மை. அந்தப் போர் ஈராக்கியப் பெண்களின் வீடுகளைச் சிதைத்ததும் உண்மை. அவருடைய துணிவை மதிக்கிறேன். அதைக் காட்டிப் போருக்கு நியாயம் கேட்டால் மறுக்கிறேன். படையின் கதவைத் திறக்கச் சொல்லும் நாம், எந்தப் போருக்கு என்றும் கேட்கத்தான் வேண்டும்.